மென்பொருள் எழுதுபவருக்கு எந்தக் கணினி?

நேயர்களுக்கு வணக்கம். மென்பொருள் எழுதுபவர்களுக்குக் கணினி வாங்கும்போது பல அலுவலகங்கள் கணக்குப் பிரிவுக்கு வாங்கிய அதே மாடலையே இன்னும் சிலவற்றைச் சேர்த்து ஆர்டர் செய்துவிடுகின்றன. கொள்முதல் பிரிவுக்கு வேலை சுலபம். அவதிப்படுவது அதில் உட்கார்ந்து வேலை செய்பவர்.

அவர் திரையைப் பாருங்கள். நிரல் எழுதும் எடிட்டர், பிரவுசரில் வரிசையாக டேப்கள், பின்னணியில் ஒரு டேட்டாபேஸ், கைப்பேசிச் செயலி என்றால், கைப்பேசியைப் போலவே கணினிக்குள் இயங்கிக் காட்டும் எமுலேட்டர் வேறு. தற்காலிக நினைவகமான ரேம் 16 ஜிபி இருந்தாலும் இதிலேயே நிரம்பிவிடும். இடம் போதாதபோது இயங்குதளம் ரேமில் இருப்பதை வட்டுக்கு மாற்றும். தட்டிய எழுத்துகூடத் தாமதமாகத்தான் திரைக்கு வரும். உடனே பிராசஸர் பழசாகிவிட்டது என்பார்கள். பாவம், அது வேலையில்லாமல் காத்துக்கொண்டிருக்கும்! என் கணக்கில் 32 ஜிபிதான் தொடக்கம். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள், பிறகு கூட்ட முடியாது. வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அடுத்து வட்டு. எழுதிய நிரலை இயங்கும் மென்பொருளாகத் தொகுப்பதைப் பில்டு என்பார்கள். அது ஓடும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் திறந்து மூடப்படும். பழைய ஹார்ட் டிஸ்கில் ஒவ்வொரு தேடலுக்கும் சுமார் 10 மில்லி விநாடி போகும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியில் அதில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. ஆனால் எஸ்எஸ்டி போட்டும் பில்டு நகரவில்லை என்றால் ஆன்டிவைரஸைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு கோப்பையும் அது சோதித்துக்கொண்டிருக்கலாம். பாதுகாப்புப் பிரிவின் ஒப்புதலோடு பில்டு கோப்புறைக்கு விலக்கு வாங்கிப் பாருங்கள். செலவே இல்லை.

பிராசஸரில் கோர்களின், அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளின், எண்ணிக்கையை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். பகிர்ந்து செய்ய முடியாத பகுதிதான் வேகத்துக்கு எல்லை என்று கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967-லேயே காட்டினார். பில்டில் கால் பங்கைப் பிரிக்க முடியாதென்றால், எத்தனை கோர் சேர்த்தாலும் நான்கு மடங்கு வேகத்தைத் தாண்ட முடியாது. மெல்லிய லேப்டாப்புக்கு இன்னொரு சிக்கல்: சூடேறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே விற்பனையாளரின் ஒரு நிமிடச் சோதனையை நான் நம்புவதில்லை.

கிராபிக்ஸ் கார்டு, விளையாட்டோ இயந்திரக் கற்றலோ செய்பவர்களுக்கு மட்டும் போதும். அந்தப் பணத்தில் நல்ல மானிட்டர் வாங்கலாம். மிகக் கூர்மையான 4கே திரை என்றால் கேபிள் செருகும் போர்ட்டைப் பாருங்கள்; எச்டிஎம்ஐ 1.4-இல் விநாடிக்கு 30 முறைதான் படம் மாறும், மவுஸ் தத்தித் தத்தி நகரும்.

மொத்தமாக ஆர்டர் செய்யும் முன் ஒரே ஒரு கணினியை மாதிரிக்கு வாங்கி, உங்கள் குழுவின் உண்மையான பில்டை அரை மணி நேரம் தொடர்ந்து ஓடவிடுங்கள். அதை ஓட்டுபவர் மேலாளராக இல்லாமல், தினமும் நிரல் எழுதுபவராக இருக்கட்டும்.