முற்றத்தில் ஒரு தடி

(கிளிநொச்சியில் புவியியல் பயிலும் ஆசிரிய மாணவர்களுக்குப் பங்குனி மாதம் ஆற்றிய உரை)

வணக்கம் பிள்ளைகளே.

செயற்திட்டம் என்றதும் உங்களில் பாதிப்பேர் ரெஜிபோம் வாங்கக் கடைக்கு ஓடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் எரிமலை செய்தவன்தான். மேசையில் அது புகைவிட்டது, எல்லோரும் கைதட்டினார்கள். எரிமலையே இல்லாத தீவில் அதைச் செய்து நான் எதைக் கண்டுபிடித்தேன் என்பது இன்றுவரை விளங்கவில்லை.

இந்த வருடப்பிறப்பு விடுமுறைக்கு நான் தருகிற வேலை மலிவானது. ஒரு மீற்றர் தடி. ஏப்ரல் 12 முதல் 14 வரை அதை முற்றத்தில் நேராக நட்டு, 11.55இலிருந்து 12.20 வரை நிமிடத்துக்கு ஒருக்கா நிழல் நுனியில் புள்ளி வைத்து, நிழல் எத்தனை மணிக்கு மிகக் குறுகுகிறது என்று பாருங்கள். அவ்வளவுதான்.

அந்த நாட்களில்தான் சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே வருகிறது. முதலில் வவுனியா, பிறகு மன்னார், 14ஆம் திகதியளவில் கிளிநொச்சி. அதற்கு முன் நண்பகல் நிழல் வடக்கே விழும். அதன்பின் ஆகஸ்ட் கடைசி வரை தெற்கே.

போன வருடம் ஒரு பிள்ளை வந்து, "சேர், என்ரை மணிக்கூடு பிழை, நிழல் 12.09க்குத்தான் குறுகினது" என்றாள். மணிக்கூடு சரி. எங்கள் நேரம் கிழக்கு நெடுங்கோடு 82½ பாகைக்கு உரிய நேரம். அந்தக் கோடு இலங்கை மண்ணைத் தொடுவதேயில்லை, கிழக்கே கடலில் போகிறது. நாங்கள் அதற்கு இரண்டு பாகை சொச்சம் மேற்கே இருக்கிறோம். பாகைக்கு நான்கு நிமிடம், பெருக்கிப் பாருங்கள். மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் இடையிலேயே மூன்றரை நிமிடம் இடிக்கும். அதற்காக வட்ஸ்அப்பில் இரண்டு நாள் சண்டை நடந்தது. நான் தலையிடவில்லை.

மணிக்கூட்டு நேரம் மனிதர் வைத்தது என்பது வன்னி மக்களுக்குப் புதிதா என்ன? 1996இல் கொழும்பு மணிக்கூட்டை முன்னே தள்ளியபோது, புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியில் பழைய நேரமே ஓடியது. சமாதான காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி இந்தப் பக்கம் வந்தவர்கள் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னே திருப்பினார்கள். 2006 ஏப்ரலில் கொழும்பும் பழைய நேரத்துக்கே வந்தது. வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

சரி, இன்னொருவனுக்கு 12.13 வந்தது. தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தோம். தடி மேற்கே ஒரு பாகையளவு சரிந்து நின்றது. அந்த ஒரு பாகைதான் நான்கு நிமிடம்! அவன் அழித்துவிட்டு 12.09 என்று எழுதப் பார்த்தான், நான் விடவில்லை. அந்தப் பிழையோடு வந்த ஒப்படைக்குத்தான் அந்த முறை கூடிய புள்ளி.

ஒன்று மட்டும். வெட்டவெளி தேடிக் காட்டுப்பக்கம் போக வேண்டாம். கண்ணிவெடி அகற்றி முடியாத காணிகள் இன்னும் இருக்கின்றன. வீட்டு முற்றம் போதும். தூக்குக்குண்டைப் பக்கத்து மேசன் அண்ணையிடம் இரவல் கேளுங்கள். வருடப்பிறப்பன்று அவருக்கு அது தேவைப்படாது.