கோபுரத்தைத் திட்டாதீர்கள்

வணக்கம் நேயர்களே. இரணைமடுக் குளக்கட்டில் நின்று கைத்தொலைபேசியில் பேசுகிறீர்கள். குரல் அறுகிறது. ஓர் அடி தள்ளி நின்றால் திரும்பி வருகிறது. கைத்தொலைபேசிக் கோபுரம் நின்ற இடத்தில்தான் நிற்கிறது. திட்டு வாங்குவதும் அதுதான். நான் நெடுநாளாகக் கோபுரத்தின் பக்கம் நின்று வாதாடுகிறவன்.

அலை ஒரே வழியில் வருவதில்லை. நேரே வருவது ஒன்று, குளத்து நீரில் பட்டு வருவது ஒன்று, தண்ணீர்த் தாங்கியில் மோதி வருவது இன்னொன்று. 900 மெகாஹேட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 33 சென்றிமீற்றர். இரு வழிகளின் தூர வித்தியாசம் அதில் பாதி மாறினாலே, கூடி வலுத்த அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடும்.

இந்த வழிகள் கைத்தொலைபேசிக்கு முன்கூட்டித் தெரியாது. வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். "ஹலோ, ஒன்று, இரண்டு, மூன்று" என்பார். பாட்டைப் போடாமல் இது என்ன எண்ணிக்கை என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். தெரிந்த சொல் என்பதால்தான் அது எவ்வளவு கெட்டு வந்தது, எதிரொலி எத்தனை, எவ்வளவு பிந்தியது என்பதெல்லாம் அவர் காதுக்குப் பிடிபடுகிறது. தெரியாத சொல்லானால், கெட்டது சொல்லா, அது கடந்து வந்த வெளியா என்று யார் கண்டது? கைத்தொலைபேசியும் இதையே செய்கிறது. இரண்டாம் தலைமுறை வலையமைப்பில் பேச்சைச் சுமக்கும் ஒவ்வொரு பொதியிலும் 148 பிட்டுகள், அதாவது 0, 1 என்ற குறிகள். அவற்றில் 26 இரு தரப்பும் முன்பே அறிந்தவை. பேச்சு அவற்றில் இல்லை. மறுபடி சொல்கிறேன், பேச்சே இல்லை! அவற்றைப் பொதியின் நடுவில் வைத்தார்கள். வெளி மாறிக்கொண்டே இருப்பதால், நடுவில் எடுத்த அளவு இரு முனைகளுக்கும் ஓரளவு பொருந்தும். வைத்தவருக்கு ஒரு சபாஷ்.

ஆனால் பேச்சில்லாத அந்த 26 பிட்டுகள் செலவுதானே? நெருங்கிய நகரத்தில் சுவருக்குச் சுவர் எதிரொலி. நமது வயல்வெளியில் வலுவான வழிகள் சிலவாகவே இருக்கும். 300 மீற்றர் கூடுதலாகச் சுற்றி வந்த அலை ஒரு மைக்ரோ செக்கன் பிந்தும். ஓர் அலை வந்து அடுத்தது வரும் வரை பெரும்பகுதி வெறுமை. வெறுமையை அளந்து என்ன பயன்? வலுவானவை எங்கே என்று தெரியாவிட்டாலும், சிலதான் என்று தெரிந்தால் குறைந்த அளவீடுகளே போதும் என்பதை டொனோஹோ, காண்டெஸ், ரோம்பேர்க், தாவோ ஆகிய ஆய்வாளர்களின் 2006ஆம் ஆண்டுக் கட்டுரைகள் நிறுவின.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். வழிகள் குறைந்தால் எல்லாம் ஒன்றாக மங்கும் ஆபத்தும் உண்டு. அதனால் 20 மில்லி செக்கன் பேச்சை எட்டுப் பொதிகளில் பிரித்துப் போடுகிறார்கள். ஒன்று கெட்டால் மற்றவற்றைக் கொண்டு திருத்தலாம். இரண்டு அன்ரெனா வைப்பது பற்றியும் எழுதி வந்தேன், தாள் கையிலேயே இருக்கிறது. நன்றி, வணக்கம்.