பாரிமுனையைச் சுற்றி ஒரு நடை

நேயர்களுக்கு வணக்கம். சென்னையின் சரித்திரம் என்றதும் பலரும் நேராகக் கோட்டைக்குப் போய்விடுவார்கள். நான் உங்களைப் பாரிமுனையில் இறக்கிவிடுகிறேன்.

1639-இல் இங்கே இடம் பிடித்த ஆங்கிலேயருக்கு வேண்டியிருந்தது துணி. நெய்பவர், சாயம் தோய்ப்பவர், தரகர் என்று வெளியூர்களிலிருந்து ஆள் சேர்த்தார்கள். தெலுங்குக் குடும்பங்கள் நிறைய வந்தன. நெசவாளர்களைக் குடிவைக்கத்தான் 1734-இல் சிந்தாதிரிப்பேட்டையே உருவானது. ஜார்ஜ் டவுனில் யாரைக் கேட்டாலும் பூர்வீகம் வேறு ஊராகத்தான் இருக்கும். மயிலாப்பூர்க்காரர்கள் கோபிக்க வேண்டாம், உங்களைச் சொல்லவில்லை!

அரண்மனைக்காரத் தெருவில் 1772-இல் கட்டிய ஆர்மேனியர் தேவாலயம் இருக்கிறது. பாரசீகப் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்கள் அவர்கள். அவர்களில் பெத்ருஸ் உஸ்கான் என்ற வணிகர், 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் சொந்தப் பணத்தில் பாலம் கட்டினார். பரங்கிமலைக்குப் படிகள் அமைத்ததும் அவர்தான். இன்னொரு செய்தி இதைவிடப் பெரியது. உலகின் முதல் ஆர்மேனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794-இல் அச்சானது நம் சென்னையில். அதை நடத்திய பாதிரியாரின் கல்லறை அந்தத் தேவாலய வளாகத்திலேயே இருக்கிறது. அநேகமாக ஆர்மேனியர் யாரும் இன்று ஊரில் இல்லை. சென்னையைப் பற்றிய நம் பாடப் புத்தகங்களில் இவர்களுக்கு ஒரு பக்கமாவது கொடுத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

சௌகார்பேட்டையை நீங்களே அறிவீர்கள். மார்வாடி, குஜராத்திக் கடைகள், மின்ட் தெருக் கச்சோரி, ஜிலேபி. சாப்பிட்டுவிட்டுப் பவழக்காரத் தெருவுக்கு வாருங்கள். மத்தியதரைக் கடல் பவழத்தைக் கொண்டுவந்து கொடுத்து, கோல்கொண்டா வைரத்தை வாங்கிப்போன யூத வணிகர்களின் காலத்துப் பெயர் அது. பின்னாளில் நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அங்கே வீடு வாங்கினார்கள். பர்மாவில் வட்டித்தொழில் நடத்திய சமூகம் அது.

பர்மாவுக்குப் போனவர்கள் செட்டியார்கள் மட்டுமா? கூலி வேலைக்கும் கணக்கெழுதவும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் கப்பலேறினார்கள். 1962-இல் அங்கே ராணுவ ஆட்சி வந்தது. அப்புறம் கடைகளையெல்லாம் அரசே எடுத்துக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் தமிழர்கள் கூட்டங்கூட்டமாகத் திரும்பினார்கள். துறைமுகத்துக்கு எதிரே அவர்கள் போட்ட கடைகள்தான் பர்மா பஜார். பக்கத்துத் தெருக்களில் மாலையானால் அத்தோ கடைகள் கூடும். நூடுல்ஸில் முட்டைக்கோஸும் வெங்காயமும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். பசியோடு போங்கள். கூட்டம் குறைந்த நேரம் பார்த்துக் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுங்கள். ரங்கூன் கதை இன்னும் பல குடும்பங்களில் இருக்கிறது.