சஸ்டெய்னபிலிட்டி மைனர் எடுக்கலாமா? 18 கிரெடிட்டும் ஒரு டேங்க் வால்வும்

வணக்கம். நாலாவது செமஸ்டர் முடிக்கப் போற தம்பி, தங்கச்சிங்களுக்கான வீடியோ இது. தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு பக்கமும் இந்த நேரத்துல ஒரே கேள்விதான் வருது. மெக்கானிக்கலோ சிவிலோ படிச்சுக்கிட்டே சஸ்டெய்னபிலிட்டி, லீடர்ஷிப்னு ஒரு மைனர், அதாவது மெயின் பிராஞ்சோட கூடவே எடுக்கற துணைப் படிப்பு, சேர்த்துக்கலாமா? எடுக்கலாம். எடுத்தா எங்க கவனமா இருக்கணும்னு சொல்றேன்.

முதல்ல கணக்கு. அண்ணா பல்கலைக்கழகத்தோட 2021 ரெகுலேஷன்ல படிக்கறவங்களுக்கு மைனர்னா கூடுதலா 18 கிரெடிட். மூணு மூணு கிரெடிட்டா ஆறு பேப்பர். ஆறுமே ஒரே வெர்டிகல்ல, அதாவது ஒரே துறைப் பேப்பர் தொகுப்புல இருந்து வரணும். நமக்கு வேண்டிய வெர்டிகல் பேரு 'என்விரான்மென்ட் அண்ட் சஸ்டெய்னபிலிட்டி'. அந்த லிஸ்ட்டைப் படிச்சுப் பாருங்க. கிரீன் டெக்னாலஜி இருக்கும், எனர்ஜி பிளானிங் இருக்கும், நீர், காற்றோட தரத்தை அளக்கற பேப்பர் இருக்கும். லீடர்ஷிப்னு ஒரு பேப்பர்கூட இருக்காது. அது ஆன்ட்ரபிரனர்ஷிப் வெர்டிகல்ல 'டீம் பில்டிங் அண்ட் லீடர்ஷிப்'னு உக்காந்திருக்கு. ரெண்டையும் கலந்து எடுத்தா மைனர் கிடைக்காது. அப்ப லீடர்ஷிப்பை எங்க கத்துக்கறது? ப்ராஜெக்ட்லதான். இந்த வீடியோவுல பாதிக்கு மேல அதைப் பத்திதான் பேசப் போறேன்.

தன்னாட்சி கல்லூரில இருக்கறவங்களுக்கும் புது ரெகுலேஷன்ல சேர்ந்தவங்களுக்கும் பேப்பர் பேரும் விதியும் மாறும். டிபார்ட்மென்ட்ல ரெகுலேஷன் புத்தகத்தை வாங்கி, மைனர் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து வச்சுக்குங்க. அரியர் இருந்தா சேரலாமா, எத்தனை சிஜிபிஏ வேணும், ரெண்டுக்கும் பதில் அந்தப் பக்கத்துலயே இருக்கும். சீனியர் வாய்வார்த்தையா சொல்றதை நம்பி ஃபார்ம் கொடுத்துடாதீங்க.

ஒரு பேப்பரை என்பிடெல்ல, அதாவது ஐஐடிங்க நடத்தற ஆன்லைன் கோர்ஸ்ல முடிக்கலாம்னு நினைக்கறவங்க வாரக் கணக்கைப் பாருங்க. 12 வார கோர்ஸ்னா மூணு கிரெடிட், 8 வாரம்னா ரெண்டுதான். எட்டு வாரத்தை எடுத்துட்டு கடைசி செமஸ்டர்ல ஒரு கிரெடிட் குறையுதேன்னு அலையறது அடிக்கடி நடக்கற தப்பு. அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. அசைன்மென்ட்ல 10, தேர்வுல 30, ரெண்டும் தனித்தனியா வந்தாதான் சான்றிதழ். 12 வார கோர்ஸ்ல சிறந்த எட்டு அசைன்மென்ட்டைத்தான் எடுத்துக்குவாங்க. பதிவு பண்றதுக்கு முன்னாடியே கல்லூரியில எழுத்துல அனுமதி வாங்குங்க. முடிச்சுட்டு வாங்கிக்கலாம்னு விட்டா கிரெடிட் மாத்தறது சிக்கலாயிடும்.

அடுத்து வேலை. ஓசூர் சிப்காட்டை நினைச்சுக்குங்க. பங்குச் சந்தையில சந்தை மதிப்புல முதல் 1000 இடத்துல இருக்கற கம்பெனிங்க எல்லாம் 2022-23ல இருந்து பிஆர்எஸ்ஆர்னு ஒரு நிலைத்தன்மை அறிக்கை கொடுத்தாகணும்னு, பங்குச் சந்தையைக் கண்காணிக்கற செபி கட்டாயமாக்கிருச்சு. கரண்ட் எவ்வளவு, டீசல் எவ்வளவு, தண்ணி எவ்வளவு, கழிவு எங்க போகுதுன்னு எல்லாம் அதுல வரும். டிவிஎஸ் மோட்டார், டைட்டன், அசோக் லேலண்ட் எல்லாம் அந்த வரிசையில இருக்கற கம்பெனிங்க. இந்த மாதிரி பெரிய கம்பெனிங்க இந்தக் கேள்விகளைத் தங்களுக்குப் பார்ட்ஸ் செஞ்சு தர்ற யூனிட்டுங்ககிட்டயும் கேட்க ஆரம்பிச்சிருக்கு. நாப்பது பேர் வேலை செய்யற ஒரு மெஷினிங் யூனிட்ல இந்தக் கேள்விங்களுக்கான ஷீட்டை நிரப்பத் தனியா ஆள் இருக்க மாட்டாங்க. அந்த ஷீட்டைத் தப்பில்லாம நிரப்பத் தெரிஞ்ச டிப்ளமோ, இன்ஜினியரிங் பசங்களுக்கு அங்க இடம் இருக்கு. மைனர் மட்டும் வேலை வாங்கிக் கொடுக்காது. உங்க மெயின் பிராஞ்சு பலமா இருந்தாதான் இது கூட நிக்கும்.

அந்த ஷீட்டை ஹாஸ்டல்லயே பழகலாம். மாசம் 9,000 யூனிட் கரண்ட்னு வச்சுக்குங்க. மத்திய மின்சார ஆணையம் வருஷா வருஷம் ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கார்பன்னு வெளியிடும். 2023-24க்கு 0.727 கிலோ. பெருக்கினா 6,543 கிலோ. ஜெனரேட்டருக்கு 150 லிட்டர் டீசல், லிட்டருக்கு 2.68 கிலோ, 402 கிலோ. மெஸ்ஸுக்கு 19 கிலோ சிலிண்டர் 40, கேஸ் கிலோவுக்கு ஏறக்குறைய 3 கிலோ, 2,280 கிலோ. டீசலும் கேஸும் நாமளே எரிக்கறது, அது ஸ்கோப் 1. வெளியில இருந்து வாங்கற கரண்ட் ஸ்கோப் 2. கல்லூரியோட சொந்த பஸ்னா டீசல் ஸ்கோப் 1ல வரும், வாடகை பஸ்னா நமக்காக அடுத்தவங்க எரிக்கறது, ஸ்கோப் 3க்குப் போயிடும். முக்கால்வாசி பேர் தடுக்கி விழறது இந்த பஸ் விஷயத்துலதான். இன்னொண்ணு மீட்டர். ஹெச்டி (உயர் அழுத்த) மீட்டர்ல தெரியற நம்பரை அப்படியே எழுதக் கூடாது. அதுக்குப் பெருக்கற எண் ஒண்ணு உண்டு. பில்லுல இருக்கற யூனிட்டை எடுத்தா அந்தக் குழப்பமே வராது.

சரி, ப்ராஜெக்ட்டுக்கு வருவோம். 'கிருஷ்ணகிரி மாவட்டத்தின் நிலைத்த வளர்ச்சி'ன்னு தலைப்பு வைக்கறாங்க பாருங்க, அது ஒரு செமஸ்டர்ல முடியவே முடியாது. ஒரு பஞ்சாயத்து, தண்ணி எடுக்கற பன்னெண்டு இடம், ஒரே ஒரு அளவு. நம்ம மண்ணுக்கு அந்த அளவு ஃப்ளூரைடு.

பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் பல்லுல பழுப்புக் கறையோட ஆளுங்களைப் பார்த்திருப்பீங்க. குடிதண்ணியில ஃப்ளூரைடு கூடினா வர்ற கறை அது. நம்ம அடிநிலம் கிரானைட், நைஸ் (gneiss) பாறை. அதுல இருக்கற ஃப்ளூரைடு கனிமம், காரத்தன்மையுள்ள நிலத்தடி நீர்ல மெல்ல மெல்ல கரையுது. இந்தியக் குடிநீர்த் தர விதி ஐஎஸ் 10500ன்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் ஏற்கத்தக்கது. வேற தண்ணி இல்லன்னா 1.5 வரைக்கும் அனுமதி. காய்ச்சினா சரியாயிடும்னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க. சரியாகாது. தண்ணி ஆவியாகிப் போக, மிச்சத்துல ஃப்ளூரைடு அளவு கூடத்தான் செய்யும். இதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்துச்சு. 2013ல இருந்து ரெண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணி வருது.

மாதிரி எடுக்கற விதம். இந்த பாட்டிலைப் பாருங்க, 250 மில்லி பாலித்தீன் பாட்டில். கண்ணாடி பாட்டில் வேண்டாம், ஃப்ளூரைடு கண்ணாடியோட வினை புரியும். போர் மோட்டாரைப் போட்டு அஞ்சு, பத்து நிமிஷம் தண்ணியை ஓட விடுங்க. குழாய்க்குள்ள தேங்கின தண்ணி போகட்டும். அதே தண்ணியில பாட்டிலை மூணு தடவை அலசிட்டுப் பிடிங்க. நம்பர், தேதி, நேரம், போர் ஆழம், இடம் எல்லாத்தையும் பாட்டில் மேலயே எழுதுங்க. மூடியில எழுதினா மூடி மாறிடும். பத்துக்கு ஒண்ணு இரட்டை மாதிரி, அதாவது ஒரே இடத்துல ரெண்டு பாட்டில் எடுங்க. ஒரு பாட்டில்ல வெறும் டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி, என்னன்னு சொல்லாம லேப்ல கொடுங்க. அதுக்கு 0.8னு ரிசல்ட் வந்தா மிச்ச நம்பரையும் நம்ப முடியாது. ஃப்ளூரைடு மாதிரிக்கு எந்த மருந்தும் கலக்க வேண்டாம், 28 நாள் தாங்கும். அதனால எல்லாத்தையும் ஒரே நாள்ல ஓடி ஓடி எடுக்கற அவசரம் தேவையில்ல.

கையில எடுத்துட்டுப் போற சோதனை கிட்ல நிறம் பார்த்து அளக்கறவங்க மூணு இடத்துல ஏமாறுவாங்க. பல்பு வெளிச்சத்துல நிறம் ஏமாத்தும், பகல்ல நிழல்ல வச்சுப் பாருங்க. ப்ளீச்சிங் பவுடர் போட்ட டேங்க் தண்ணியில குளோரின் இருக்கும், அது அந்தச் சாயத்தைக் கெடுத்துடும். படிகாரம் போட்ட தண்ணியில இருக்கற அலுமினியம் அளவைக் குறைச்சுக் காட்டும். கிட்ல 1.5 பக்கம் வர்ற எதையும் மாவட்டத்துல இருக்கற குடிநீர் வடிகால் வாரிய லேப்ல உறுதி பண்ணுங்க. ஒண்ணு மறந்துடாதீங்க. பெத்தவங்க சம்மதமும் கல்லூரியோட நெறிமுறைக் குழு அனுமதியும் இல்லாம குழந்தைங்க பல்லைப் போட்டோ எடுக்கவே கூடாது.

இப்ப லீடர்ஷிப். ஊர்ல காவிரித் தண்ணியும் போர் தண்ணியும் ஒரே மேல்நிலைத் தொட்டியில கலக்குதுன்னு வச்சுக்குங்க. 30,000 லிட்டர் தொட்டி. காவிரித் தண்ணியில ஃப்ளூரைடு 0.3, போர்ல 2.5னு எடுத்துக்குவோம். பாதிக்குப் பாதி கலந்தா 1.4 வரும். அனுமதிச்ச அளவுக்குள்ள. அன்னைக்கு காவிரித் தண்ணி குறைவா வந்து, பத்தாயிரத்துக்கு இருபதாயிரம் போர் தண்ணின்னு ஏத்தினா கிட்டத்தட்ட 1.77. எல்லையைத் தாண்டியாச்சு. ஒரே ஊர், ஒரே தொட்டி, ஒரே வாரத்துல ரெண்டு விதத் தண்ணி. இதைத் தினமும் முடிவு பண்றது யாரு? கலெக்டர் இல்ல, பேராசிரியர் இல்ல. காலையில வால்வைத் திருப்பற டேங்க் ஆபரேட்டர்.

ஹார்வர்டுல லீடர்ஷிப் சொல்லிக் கொடுத்த ரொனால்ட் ஹைஃபெட்ஸ்ங்கறவர் பிரச்சினைகளை ரெண்டாப் பிரிப்பார். கருவியும் நிபுணத்துவமும் இருந்தா தீர்றது ஒண்ணு. மனுஷங்க பழக்கத்தை மாத்தினாதான் தீர்றது இன்னொண்ணு. குழாய் பதிக்கறது முதல் வகை. எந்தத் தண்ணியைச் சமையலுக்கு எடுக்கறோம், வால்வை எப்ப மூடறோம்ங்கறதெல்லாம் ரெண்டாவது வகை. அதிகாரம் எதுவும் இல்லாத ஒரு மாணவன் ரெண்டாவதை எப்படித் தொடறதுன்னு பழகறதுதான் இந்த மைனர்ல நீங்க படிக்க வேண்டிய லீடர்ஷிப்.

அதுக்கு ஒரு வரிசை இருக்கு. ஆபரேட்டர் அண்ணாகிட்ட முதல் நாளே போங்க, ரிசல்ட் வந்தப்புறம் போகாதீங்க. எந்தக் கிழமை காவிரித் தண்ணி வரும், எவ்வளவு நேரம் வரும், கரண்ட் போனா என்ன பண்ணுவாருன்னு கேட்டு எழுதிக்குங்க. அது எந்த ஃபைல்லயும் இருக்காது. ஜல் ஜீவன் திட்டத்துல கிராமத்துக்கு அஞ்சு பெண்களுக்குத் தண்ணி சோதிக்கப் பயிற்சி கொடுக்கறது வழக்கம். உங்க ஊர்ல அந்த அக்காங்க யாருன்னு ஊராட்சி செயலர்கிட்ட விசாரிச்சு, அவங்களோட சேர்ந்தே மாதிரி எடுங்க. ரிசல்ட் வந்ததும் ஊராட்சித் தலைவர் இருந்தா தலைவர், தனி அலுவலர் பொறுப்புல இருந்தா அவர், கூட செயலர், ஆபரேட்டர். இவங்களுக்கு முதல்ல தனியா காட்டுங்க. கிராம சபையில திடீர்னு சிவப்புப் புள்ளி வச்ச மேப்பைத் தூக்கிக் காட்டினா என்ன ஆகும்? கூட்டம் ஆபரேட்டர் மேல பாயும், அவர் மறுநாள்ல இருந்து உங்களோட பேச மாட்டார், ப்ராஜெக்ட் அங்கயே நின்னுடும்.

நாளைக் கணக்கு பண்ணுங்க. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம், அன்னைக்கு நம்ம மாநிலத்துல கிராம சபை உண்டு. ஜனவரியில ஊரைச் சுத்தி மூலங்களைக் குறிங்க, பிப்ரவரியில மாதிரி, மார்ச் முதல் வாரத்துல லேப் ரிசல்ட், ரெண்டாவது வாரத்துல தனிச் சந்திப்பு. சபையில மூணே விஷயம் கேளுங்க. 1.5க்கு மேல இருக்கற கைபம்புல 'புழங்க மட்டும்'னு பெயின்ட்ல எழுதணும். சமையலுக்கும் குடிக்கவும் காவிரித் தண்ணி தர்ற தெருக்குழாய் நேரத்தைப் பலகையில எழுதணும். காவிரித் தண்ணி குறையற நாள்ல, போர் தண்ணியைக் கலக்காம தனி நேரத்துல விட முடியுமான்னு பார்க்கணும். மூணுக்கும் பெரிய செலவு இல்ல, அதனால தீர்மானத்துல ஏறும். தீர்மான நகலை வாங்கி ரிப்போர்ட்ல சேர்த்துடுங்க. எக்ஸாமினர் முன்னாடி அது இருபது ஸ்லைடுக்குச் சமம்.

ஆர்ஓ மெஷின் வைக்கலாம்னு யாராவது எழுந்து சொல்வாங்க. ஆர்ஓ ஃப்ளூரைடை எடுக்கும், உண்மை. அது ஒதுக்கற கழிவுத் தண்ணியில அதே ஃப்ளூரைடு அடர்த்தியா இருக்கும். அதைப் பக்கத்து ஓடையில விடப் போறாங்களான்னு அந்த இடத்துலயே கேட்டுடுங்க.

பிப்ரவரியில எடுத்த நம்பர் அந்த மாச நம்பர். கோடையிலயோ பருவமழை சமயத்துலயோ அதே போர்ல வேற அளவு வரலாம். அதனால பாட்டில் நம்பரை மாத்தாம, எந்த பம்பு, எந்தக் குழாய், மோட்டாரை எத்தனை நிமிஷம் ஓட விட்டீங்கங்கறதை ஒரு தாள்ல எழுதி லேமினேட் பண்ணி, ஒண்ணை டிபார்ட்மென்ட்ல கொடுங்க, ஒண்ணை டேங்க் ரூம்ல ஆபரேட்டர் அண்ணாகிட்ட கொடுங்க. அடுத்த பேட்ச் அந்தத் தாளோட போய் அதே பன்னெண்டு இடத்துல பிடிக்கட்டும்.