பங்குனி, சித்திரையில் குடும்பத்தோடு ஏற எளிய மலை எது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லோருக்கும் வணக்கம். போன காணொளிக்குக் கீழே திருமங்கலத்திலிருந்து ஒரு சகோதரி மூன்று சந்தேகங்கள் கேட்டிருக்கிறார். பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை முடியப் போகிறது. ஒருவனுக்கு ஏழு வயது, ஒருத்திக்குப் பதினொன்று. கூட 62 வயது அம்மா, அவருக்கு லேசாக மூட்டுவலி. காலையில் கிளம்பிச் சாயங்காலம் வீடு திரும்புகிற மாதிரி, அதிகம் சிரமம் இல்லாமல் ஏறி இறங்க அழகான மலை எது என்பது முதல் கேள்வி. வீட்டுக்காரர் தேனி மாவட்டத்துக் குரங்கணி, கொழுக்குமலைப் பக்கம் போகலாம் என்கிறார், போகலாமா என்பது இரண்டாவது. மூன்றாவதை அம்மாவே கேட்கச் சொன்னாராம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. இந்த மாதங்களில் காட்டுக்குள் போகிற பாதைகள் வேண்டாம். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று படித்திருக்கிறோம். ஆனால் நம் மேற்கு மலைச் சரிவுகளில் மாசி, பங்குனியிலேயே ஆளுயரப் புல் காய்ந்து சருகாகி நிற்கும். அதில் ஒரு பொறி விழுந்தால் போதும். சமதரையில் தீ பரவுவதைவிட ஏறுமுகமான சரிவில் பல மடங்கு வேகமாகப் பரவும். அனல் மேல்நோக்கிப் போய், மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கிவிடும், அதனால்தான். மேலே ஓடுகிறவரால் அந்த வேகத்தை ஜெயிக்க முடியாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் அதுதான் நடந்தது. மலையேறப் போனவர்கள் 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அதற்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, உள்ளூர் வழிகாட்டிகளோடு அனுப்புகிறார்கள், இணையத்தில் முன்பதிவு செய்யலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அதையே 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை காட்டுத்தீக் காலம் என்று நிறுத்தி வைத்தார்கள். வனத்துறையே மூடுகிற காலத்தில், 'எனக்கு வழி தெரியும்' என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். மழை முடிந்து புல் பச்சையாக இருக்கும்போது முன்பதிவு செய்துகொண்டு தாராளமாகப் போகட்டும்.

சரி, அப்படியானால் இளவேனிலில் எங்கே போவது? காடு இல்லாத பாறைக்குன்றுக்குப் போங்கள், விடியற்காலையில் போங்கள். மதுரையைச் சுற்றி இருக்கிற குன்றுகளின் அருமை மதுரைக்காரர்களுக்கே முழுசாகத் தெரியவில்லை என்பது என் வருத்தம். மலை என்றாலே கொடைக்கானல்தான் என்று கிளம்பிவிடுகிறோம். அங்கே போக இப்போது இ-பாஸ் எடுக்க வேண்டும், 2025 கோடையில் வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று நீதிமன்றமே வரம்பு வைத்தது. அங்கே கோக்கர்ஸ் வாக் என்கிற நடைபாதை சுமார் ஒரு கிலோமீட்டர்தான், அம்மா சுகமாக நடப்பார், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்பினால் பாதிப் பொழுது வளைவுகளிலேயே போய்விடும்.

நான் சொல்வது கீழக்குயில்குடி சமணர் மலை. மதுரையிலிருந்து மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கம். திருமங்கலத்திலிருந்து உங்களுக்கு ரொம்பக் கிட்டத்தான். அடிவாரத்தில் பெரிய ஆலமரம், தாமரைக் குளம், அய்யனார் கோயில். ஏப்ரலில் நம் பக்கம் சூரியன் ஆறு மணி சுமாருக்கு எழும். ஐந்தேமுக்காலுக்கு நீங்கள் அந்தக் குளக்கரையில் நிற்க வேண்டும். அங்கிருந்து பாறையில் படி வெட்டி, பிடித்துக்கொள்ளக் கம்பியும் போட்டிருக்கிறார்கள். நிதானமாக ஏறினால் கொஞ்ச நேரத்தில் பேச்சிப்பள்ளம் வந்துவிடும்.

அங்கே ஒரு சுனை. அதற்கு மேலே பாறையில் வரிசையாக எட்டுச் சமணத் திருமேனிகள். மகாவீரர், தலைக்கு மேல் பாம்பு படம் விரித்த பார்சுவநாதர், உடம்பில் செடிக்கொடி சுற்றிய பாகுபலி. ஆயிரத்து நூறு வருஷம் ஒட்டிய பழமை. கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் யார் செய்து கொடுத்தது என்று வெட்டியிருக்கிறது. அதில் ஒன்று, அச்சணந்தி என்ற சமண முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்தது. இதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். மகன் துறவியாகிவிட்டார், அம்மா வந்து பாறையில் ஒரு சிலை செய்ய வைத்திருக்கிறார், பெயர் இன்னும் நிற்கிறது. நான் என் அம்மாவை முதல் தடவை கூட்டிப்போனபோது இதைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, அந்த எழுத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

பேச்சிப்பள்ளத்திலிருந்து திரும்பிப் பார்த்தால் கீழே வயலும் குளமும், எதிரே நாகமலை பாம்பு மாதிரி நீண்டு கிடக்கும். பங்குனி கடைசியில் போனால் புங்கை மரங்கள் புதுத்தளிர் விட்டிருக்கும். அந்தப் பச்சை வேறு எந்த மாதத்திலும் வராது. வேப்பம்பூ வாசனை மேலே வரை வரும். சித்திரை பிறந்தால் கொன்றை மஞ்சளாகத் தொங்கும். நம் ஊர் வசந்தம் இதுதான். குளிரும் பனியும் தேடிப் போகிறவர்களுக்கு இது கண்ணில் படாது.

இன்னும் மேலே ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி என்ற பழைய சமணர் வழிபாட்டிடத்தின் அடித்தளம் மட்டும் மிச்சம் இருக்கிறது. உச்சியில் தீபத்தூண். அம்மா அங்கே வர வேண்டாம், அது வெறும் வழுக்குப்பாறை. பெரியவள் ஆசைப்பட்டால் அப்பாவோடு போய்வரட்டும். இறங்கிய பிறகு மலையின் மறுபக்கம் செட்டிப்புடவு. புடவு என்றால் குகை. வாசலில் பெரிய தீர்த்தங்கரர், அதாவது சமண சமயப் பெருமான், அமர்ந்திருப்பார், அவரை ஊர்க்காரர்கள் செட்டியார் என்று சொல்லிப் பழகி அந்தப் பெயர் வந்தது. குகைக்குள் குனிந்து போய் மேலே பாருங்கள். சிங்கத்தின் மேல் ஏறி வில் வளைக்கிற பெண், எதிரே யானையில் வருகிற வீரன். உங்கள் ஏழு வயதுப் பையன் அந்த இடத்தை விட்டு நகர மாட்டான்.

எட்டரை மணிக்குள் பாறையை விட்டு இறங்கிவிடுங்கள். இதில் மட்டும் சமாதானம் கிடையாது. பாறை சூட்டை வாங்கி வைத்துத் திருப்பி அடிக்கும். மேலே வெயில், கீழே அனல், நடுவில் குழந்தை. தலைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், மோர் அல்லது உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள காலணி போடுங்கள். மூட்டுவலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. அம்மா கையில் ஒரு கம்பு கொடுங்கள், படியில் கொஞ்சம் பக்கவாட்டாகத் திரும்பி இறங்கச் சொல்லுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன், மலைத்தேனீ. பூக்கிற காலத்தில் பாறை முகடுகளில் பெரிய பெரிய அடை தொங்கும். கண்ணில் பட்டால் சத்தம் போடக்கூடாது, கல் எறியக்கூடாது, புகை ஆகவே ஆகாது. அன்றைக்குச் சென்ட் அடித்துக்கொண்டு வர வேண்டாம். ஒருமுறை வேறொரு குன்றில், எங்களுக்கு முன்னால் போன பையன்கள் வேடிக்கைக்காகக் கல் விட்டார்கள். அது கலைந்தபோது பின்னால் வந்த எங்களைத்தான் முதலில் கொட்டியது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு இறங்கினோம். அதிலிருந்து எங்கே போனாலும் முதலில் முகட்டைத்தான் அண்ணாந்து பார்ப்பேன்.

பாறையே வேண்டாம், நிழலாக நடக்க வேண்டும் என்றால் அழகர்கோவில். கோயிலிலிருந்து பழமுதிர்சோலை வழியாக நூபுர கங்கைத் தீர்த்தம் வரை மலைச்சாலை போகிறது. முழுக்க மர நிழல். காலை வேளையில் நடந்து ஏறி, சோலைமலை முருகனைப் பார்த்து, மேலே ராக்காயி அம்மன் கோயிலில் தீர்த்தம் ஆடிவிட்டு, அம்மா மட்டும் வண்டியில் இறங்கிக்கொள்ளலாம். கோடையிலும் அந்தத் தீர்த்தம் வற்றாது. கையில் பழப்பை மட்டும் தெரியக்கூடாது, குரங்கு விடாது. இறங்கி வந்ததும் கோயில் தோசைப் பிரசாதம் வாங்காமல் வராதீர்கள். பிள்ளைகள் அதற்காகவே அடுத்த வருஷமும் கேட்பார்கள். ஆனால் சித்திரைத் திருவிழா நாட்களில் போகாதீர்கள், அழகர் மதுரைக்குக் கிளம்புகிற நேரத்தில் நடைக்கு இடம் ஏது.

மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியும் இருக்கிறது. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். ராஜாளிகள் வட்டமிடும் குன்றுகள், பாண்டியர் குடைவரை, தமிழி என்ற மிகப் பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டு எல்லாம் உண்டு. டங்ஸ்டன் சுரங்கம் வரும் என்றபோது ஊரே திரண்டு நின்று 2025 ஜனவரியில் அந்த ஏலத்தை ரத்து செய்ய வைத்தது. அதற்குத் தனியாகவே ஒரு காணொளி போடுகிறேன், இங்கே இரண்டு வார்த்தையில் முடிக்க மனசு வரவில்லை.

கோயம்புத்தூர்ப் பக்கம் வெள்ளியங்கிரி போகலாமா என்று வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். அங்கே பிப்ரவரி முதல் மே வரை அனுமதி உண்டு என்பதால் எளிது என்று நினைக்கிறார்கள். ஏழு மலை அது. ஏறும் வழியில் நெஞ்சுவலி வந்து இறந்தவர்கள் உண்டு. மூட்டுவலி உள்ளவரையும் ஏழு வயதுப் பிள்ளையையும் அங்கே கூட்டிப்போகக்கூடாது.

இப்போது அம்மாவின் கேள்வி. 'என்னால் ஏற முடியாவிட்டால் கீழேயே உட்கார்ந்திருக்கலாமா, அங்கே உட்கார இடம் இருக்குமா' என்று கேட்டிருக்கிறார். இருக்கிறது அம்மா. சமணர் மலை அடிவாரத்தில் அந்த ஆலமரத்தடி போதும். காலையில் தாமரை விரிகிற நேரம், குளத்துக்கு மீன்கொத்தி வரும், கோயிலுக்கு ஊர்க்காரர்கள் வருவார்கள், பேச்சுத் துணைக்கும் பஞ்சமில்லை. பேச்சிப்பள்ளத்தில் நிற்கிற பிள்ளைகள் கை காட்டினால் மரத்தடியை விட்டுக் கொஞ்சம் குளக்கரைப் பக்கம் வந்து பாருங்கள், தெரியும்.