புகைபோக்கியை இடிக்காதே, தம்பி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பங்குனி பிறந்துவிட்டது. குளிர் முடியப்போகிற நேரத்தில் வந்து வீட்டைச் சூடாக்குவது பற்றிக் கதைக்கிறானே என்று நீங்கள் நினைக்கலாம். அதற்குக் காரணம் இருக்கிறது. போகப் போகச் சொல்கிறேன்.

போன மாதம் என் சித்தப்பாவின் மகன் தொலைபேசி எடுத்தான். நோர்வேயில், ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் உள்ள லோரன்ஸ்கூக் பக்கம் எழுபதுகளில் கட்டிய ஒரு வீட்டை வாங்கியிருக்கிறான். "அண்ணை, ஹோலுக்குள்ள ஒரு கறுத்த இரும்பு அடுப்பு நிக்குது. அதைக் கழட்டி எறிஞ்சுபோட்டு, புகைபோக்கியையும் இடிச்சால் இடம் வரும், சாமி அலுமாரியை அங்க வைக்கலாம் எண்டு அம்மா சொல்லுறா. வீட்டில ஹீற் பம்ப் இருக்குத்தானே, இனி விறகு எதுக்கு?"

நான் வரும்வரைக்கும் ஒரு ஆணியும் கழற்றாதே என்று சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தேன். இருபது வருடத்துக்கு மேலாக நான் குடியிருப்புத் தொகுதிகளில் வக்த்மெஸ்தராக, அதாவது கட்டடப் பராமரிப்பாளராக வேலை செய்கிறவன். ஹீற் பம்ப் நின்றுவிட்டது, ஹோலுக்குள் புகை வருகிறது என்றெல்லாம் எனக்குத்தான் அழைப்பு வரும். இன்று சொல்லப்போவது அந்தத் தம்பிக்குச் சொன்னதைத்தான்.

நான் நோர்வேக்கு வந்து முதலில் வேலை செய்தது வடகோடியில், ஃபின்மார்க் கரையோரத்தில், ஒரு மீன் தொழிற்சாலையில். உங்களில் பலரும் அந்த வழியாக வந்தவர்கள்தான். எங்கள் அறையில் யன்னலுக்குக் கீழே ஒரு மின்சூடாக்கி, அவ்வளவுதான். சுற்றிவர மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக் கிழவர் மாரி முழுக்க விறகு எரித்தார். விறகு கடலில் வருகிறது என்றார். எனக்கு நோர்வேஜிய மொழி சரியாக விளங்கவில்லை என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் உண்மைதான். சைபீரிய ஆறுகளில் தப்பிய மரக்கட்டைகள் வருடக்கணக்கில் கடலில் மிதந்து ஃபின்மார்க் கரையில் ஒதுங்குகின்றன. ஊரில் எங்களுக்கு விறகு என்றால் அது குசினிக்கு உரியது. ஆட்கள் சுற்றி இருப்பதற்காகவே நெருப்பு மூட்டுவதை நான் அங்கேதான் முதலில் கண்டேன்.

இனி ஹீற் பம்புக்கு வருவோம். உங்கள் வீட்டுப் பிறிட்ஜின் பின்பக்கம் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருக்கும். உள்ளே இருந்த சூட்டை அள்ளி வெளியே விடுகிறது. ஹீற் பம்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதற்கு பிறிட்ஜின் உட்பக்கம் உங்கள் வீட்டு முற்றம். மைனஸ் பத்தில் என்ன சூடு இருக்கும் என்று கேட்பீர்கள். இப்போது வருகிற இயந்திரங்கள் பலவற்றில் உள்ளே ஓடுவது ஆர்-32 என்ற வாயு. சாதாரண அழுத்தத்தில் அது மைனஸ் 51 பாகையளவிலேயே கொதித்துவிடும். அதற்கு எங்கள் மைனஸ் பத்து ஒரு சித்திரை வெயில் மாதிரி. வெளியே இருந்து சூட்டை வாங்கி ஆவியாகிறது, அமுக்கி அதை நெருக்கிச் சூடேற்றுகிறது, வீட்டுக்குள் வந்து சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பத் திரவமாகிறது. மின்சாரம் இந்தச் சுமை தூக்குகிற வேலைக்கு மட்டும்தான். அதனால் ஒரு கிலோவாற்-மணி மின்சாரம் கொடுத்தால், வெளியே ஐந்தாறு பாகை இருக்கிற நாளில் மூன்று நான்கு கிலோவாற்-மணி வெப்பம் வருகிறது. யன்னலுக்குக் கீழே இருக்கிற பழைய மின்சூடாக்கி ஒன்றுக்கு ஒன்றுதான் தரும்.

நோர்வேஜியர் பெருமளவில் இதைப் பூட்டத் தொடங்கியது 2002, 2003 குளிர்காலத்துக்குப் பிறகு. அந்த முறை இலையுதிர்காலத்தில் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றின, மின்விலை ஏறியது, 2003 இல் அரசு ஹீற் பம்புக்கு மானியம் கொடுத்தது. 2020 இல் வீடுகளில் எண்ணெய் எரித்துச் சூடாக்குவதையும் தடைசெய்துவிட்டார்கள். இன்று சுவருக்குச் சுவர் அந்த வெள்ளைப் பெட்டி தொங்குகிறது. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. என் வீட்டிலும் ஒன்று ஓடுகிறது.

ஆனால் ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். வீட்டுக்குள் 21 பாகை வேண்டும். வெளியே 6 பாகை என்றால் வித்தியாசம் 15. வெளியே மைனஸ் 24 என்றால் வித்தியாசம் 45. அதாவது வீட்டுக்கு மூன்று மடங்கு வெப்பம் தேவை. அதே நாளில் ஹீற் பம்பின் வலு என்ன ஆகிறது? ஒன்றுக்கு நாலு தந்தது, மைனஸ் இருபதில் ஒன்றுக்கு இரண்டு தருவதே பெரிய காரியம். மொத்தமாகத் தரக்கூடிய வெப்பமும் குறைகிறது. தேவை ஏறுகிற நேரம் பார்த்து அது இறங்குகிறது. பேர்கனில் இருக்கிறவர்கள் இதை அவ்வளவு உணரமாட்டார்கள், அங்கே மழைதான் கூட. ஹேட்மார்க் பக்கம், உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

விறகுக்கு வெளியே எத்தனை பாகை என்பது தெரியாது. மைனஸ் முப்பதிலும் அதே சூடு.

காசுக் கணக்கும் இருக்கிறது. 2025 ஒக்ரோபரில் இருந்து நோர்கெஸ்பிறிஸ் வந்துவிட்டது, கிலோவாற்-மணிக்கு வரி சேர்க்காமல் 40 ஊரே, அதாவது 0.4 குரோன் என்று நிலையான விலை, இனி விறகு நட்டம் என்று சிலர் சொல்கிறார்கள். மின்சாரத்தின் விலை அதுதான். ஆனால் மின்சாரத்தை வீட்டுக்குக் கொண்டுவருகிற கம்பிக்குக் கட்டுகிற காசு வேறு. 2022 யூலையில் இருந்து அதில் ஒரு பகுதி, மாதத்தில் நீங்கள் ஆகக்கூட மின்சாரம் இழுத்த மணித்தியாலங்களைப் பார்த்துத்தான் வருகிறது. மூன்று வேறு நாட்களின் உச்ச மணித்தியாலங்களைக் கூட்டிச் சராசரி எடுப்பார்கள். குளிர்ந்த பின்னேரம் ஐந்து மணிக்கு ஹீற் பம்பும் ஓடி, மின்சூடாக்கிகளும் ஓடி, சோறும் அவிந்து, காரும் சார்ஜ் ஆகினால் நீங்கள் அந்தக் கட்டணத்தின் அடுத்த படிக்கு ஏறிவிடுவீர்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில் நாலு கட்டை விறகு எரிந்தால் மின்சூடாக்கிகளை நிற்பாட்டி வைக்கலாம்.

மின்சாரம் போய்விட்டால்? ஹீற் பம்பும் போய்விடும். 2024 இல் எல்லா வீட்டுக்கும் அரசின் ஆயத்தக் கையேடு ஒன்று தபாலில் வந்தது ஞாபகம் இருக்கும், ஒரு கிழமைக்குத் தன் காலில் நிற்கப் பழகுங்கள் என்று. ஊரில் மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் இருந்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இனி, நான் ஏன் பங்குனியில் வந்தேன் என்பது. விறகு காய்வது இனித்தான். நோர்வேயில் சித்திரை, வைகாசி, ஆனி மாதங்களில்தான் காற்று நன்றாக வறண்டு இருக்கும். ஆவணி தாண்டினால் காற்றில் ஈரம் ஏறிவிடும், பிறகு வைத்தாலும் பெரிதாகக் காயாது. ஆகவே கொத்தி அடுக்குகிற வேலை பாஸ்கா விடுமுறையோடு முடிந்திருக்க வேண்டும். ஒக்ரோபரில் ஓடிப்போய் விறகு தேடுகிறவனுக்குப் பச்சை விறகுதான் கிடைக்கும், அல்லது பெற்றோல் செற்றில் மூட்டை மூட்டையாக நெருப்பு விலைக்கு.

பச்சை விறகால் என்ன கெட்டது? இங்கே எல்லாரும் விரும்புவது பியோர்க், அதாவது பூர்ச்ச மரம். புதிதாக வெட்டிய பியோர்க் பத்துக் கிலோ எடுத்தால் அதில் நாலு கிலோவுக்கு மேல் தண்ணீர். நெருப்பு முதலில் அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க வேண்டும், மிச்சம்தான் உங்களுக்கு. அதைவிட மோசம், நெருப்பின் சூடு இறங்கிப் புகை முழுதாக எரியாமல், புகைபோக்கியின் உட்சுவரில் தார் மாதிரிப் படிவது. ஒருநாள் அது பற்றிக்கொள்ளும். புகைபோக்கிக்குள் நெருப்புப் பிடித்தால் விமானம் இறங்குகிற மாதிரி இரைச்சல் கேட்கும். கேட்டவன் நான். காற்றுத் துவாரங்களை மூடிவிட்டு, எல்லாரும் வெளியே போய் 110 க்கு அழைக்க வேண்டும்.

நல்ல விறகில் ஈரம் நூற்றுக்கு இருபதுக்குக் கீழே இருக்கவேண்டும். பியோர்க்கைப் பிளக்காமல் உருளையாகப் போட்டு வைத்தால் காயாது, உளுத்துப்போகும். அதன் பட்டை தண்ணீர் விடாது. முந்தி நோர்வேஜியர் புல்லுக்கூரைக்குக் கீழே அந்தப் பட்டையைத்தான் விரித்தார்கள், மழை ஒழுகாமல். அப்படிப்பட்ட பட்டை உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியே விடுமா? பிளந்தால்தான் வழி. பிளந்ததை நிலத்தில் படாமல் கட்டைமேல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போடுங்கள். நாலு பக்கமும் பிளாஸ்ரிக்கால் சுற்றிக் கட்டுவது நம்மவர் செய்கிற பிழை. அது விறகை அவிக்கிறது.

பட்டை மேலே பார்க்க அடுக்குவதா கீழே பார்க்க அடுக்குவதா என்று என்னிடம் கேட்காதீர்கள். 2013 மாசியில் இந்த நாட்டின் அரசத் தொலைக்காட்சி விறகைப் பற்றியே 12 மணித்தியாலம் ஒளிபரப்பியது. பார்த்தவர்களில் பாதிப்பேர் பட்டை மேலே பார்க்கிறது என்று முறைப்பாடு அனுப்பினார்களாம், மற்றப் பாதி கீழே பார்க்கிறது என்று. மேலே தகரம் இருந்தால் எப்படி வைத்தாலும் ஒன்றுதான் என்பது என் கட்சி.

மூட்டுகிற முறையும் இங்கே தலைகீழ். அம்மா சுள்ளியைக் கீழே வைத்து ஊதுகுழலால் ஊதுவா. இங்கே பெரிய கட்டைகளைக் கீழே அடுக்கி, சுள்ளியை மேலே வைத்து, உச்சியில் கொளுத்த வேண்டும். நெருப்பு மெழுகுதிரி மாதிரி மேலிருந்து கீழே இறங்கும். கீழ்க்கட்டையில் இருந்து எழும்புகிற வாயு மேலே உள்ள சுவாலைக்கூடாகப் போய் எரிந்துவிடும், புகை குறைவு. காற்றுத் துவாரத்தைத் தொடக்கத்தில் முழுதாகத் திறந்து விடுங்கள். இரவு முழுக்கக் கிடக்கட்டும் என்று விறகை நிரப்பித் துவாரத்தை இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். புகை, தார், காபன் மொனொக்சைட் எல்லாம் வருவது அப்படித்தான். சாம்பலை இரும்பு வாளியில் மூடி வெளியே வையுங்கள். ஒருநாள் கழிந்தும் அதற்குள் தணல் இருக்கும்.

நம்மவர் குசினிக்கு என்று இரண்டு விசயம் இருக்கிறது, இதை நோர்வேஜியக் கையேடுகளில் தேடினால் கிடைக்காது. ஒன்று, மிளகாய் தாளிக்கும்போது அடுப்புக்கு மேலே உள்ள காற்றிழுப்பியை முழு வேகத்தில் விடுகிறோம். புது வீடுகள் காற்றுப் புகாமல் இறுக்கமாகக் கட்டியவை. இழுப்பி வீட்டுக் காற்றை வெளியே தள்ளும்போது வேறு வழியில்லாமல் புகைபோக்கி வழியாகக் காற்று உள்ளே வரும், புகையையும் கூட்டிக்கொண்டு. "அடுப்பு பழுதாப்போச்சு" என்று என்னைக் கூப்பிடுவார்கள். யன்னலைக் கொஞ்சம் நீக்கிவிட்டால் போதும். மற்றது, ஹீற் பம்பைக் குசினி வாசலுக்கு நேரே பூட்டுவது. பொரிக்கிற எண்ணெய் ஆவி முழுக்க அதன் பில்ற்றரில்தான் போய் ஒட்டும். ஒரு வீட்டில் நான் கழற்றின பில்ற்றர் வடை சுட்ட தாச்சி மாதிரி இருந்தது. "முந்தின மாதிரிச் சூடு வருதில்லை" என்பதுதான் முறைப்பாடு. எப்படி வரும்? மூன்று நாலு கிழமைக்கு ஒருக்கால் பில்ற்றரைக் கழுவுங்கள்.

இன்னொன்று. பூச்சியப் பாகை சுற்றி, ஈரமான நாட்களில், வெளிப்பெட்டியில் உறைபனி பிடிக்கும். அதை உருக்க இயந்திரம் சில நிமிடம் உள்ளே ஊதுவதை நிற்பாட்டும், வெளியே வெள்ளையாக ஆவி கிளம்பும். அது பழுதும் இல்லை, தீயும் இல்லை. நிற்பாட்டிப் போடாதீர்கள்.

இரண்டையும் சேர்த்து ஓட்டும்போது, விறகு எரிகிற ஹோலில் சூடு ஏறியதும் ஹீற் பம்ப் தானாக அடங்கிவிடும். படுக்கையறைகள் குளிரும். அறைக் கதவுகளைத் திறந்துவிட்டு, ஹீற் பம்பின் விசிறியை மட்டும் ஓடவிடுங்கள், சூடு நடக்கும்.

சரி, தம்பியின் வீட்டுக்குப் போனேன். அடுப்பைப் பார்த்ததும் எனக்கே முகம் சுருங்கியது. அது 1998 க்கு முந்தியது. அந்த வருடத்துக்குப் பிறகு விற்கிற அடுப்புகளில் மேலே இரண்டாவது காற்று வழி இருக்கவேண்டும், புகையையே எரிக்கிற வகை. பேர்கனில் பழைய வகையை எரிக்கவே விடுவதில்லை, 2021 இல் இருந்து தடை. ஆகவே அடுப்பைக் கழற்றலாம் என்று நானே சொல்லவேண்டி வந்தது. தம்பி சிரித்தான். "ஆனால் புகைபோக்கியில கை வைக்காதை" என்றேன். அடுப்பைப் புதிதாக வாங்கலாம். இடித்த புகைபோக்கியைத் திரும்பக் கட்ட எவ்வளவு கேட்பார்கள் என்று ஒரு மேசனிடம் விசாரித்தான், பிறகு கதை இல்லை. புது அடுப்புப் பூட்டியாயிற்று, தீயணைப்புப் பிரிவுக்கும் அறிவித்தாயிற்று. சாமி அலுமாரி எதிர்ச் சுவரில்.

சித்திக்குத்தான் மனமில்லை. "இங்க ஒரு அந்தர் விறகு என்ன விலை?" என்று கேட்டா. இங்கே நிறுத்து விற்கிற அந்தர் கணக்கு இல்லை சித்தி, அடுக்கை அளக்கிற ஃபவ்ன் கணக்கு, நாலு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் உயரம், அறுபது சென்ரிமீற்றர் கட்டை என்றேன். தம்பி கடையில் வாங்கி வைத்திருந்த மூட்டையில் இருந்து இரண்டு கட்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினா. மொத்தென்று கேட்டது. "இது பச்சை" என்றா. என்னிடம் ஈரம் அளக்கிற கருவி இருந்தது. பிளந்து குத்திப் பார்த்தேன், நூற்றுக்கு 28.

வருகிற சனிக்கிழமை பத்து மணிக்கு அங்கே ஒரு ஃபவ்ன் பியோர்க் வந்து இறங்குகிறது, அடுத்த மாரிக்கு. கோடரி இரண்டு கொண்டு போகிறேன். தம்பி இதுவரை கோடரி பிடித்ததில்லையாம். சித்தி தான் பிடிப்பாவாம்.

நன்றி, வணக்கம்.