போத்தலைத் தேடுமுன் படுக்கும் இடத்தைப் பாருங்கள்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு நாய் இருக்கிறது. யாருடைய நாய் என்று கேட்டால் எல்லோரும் முனை வீட்டு அம்மாவைக் கைகாட்டுவார்கள். அவரிடம் கேட்டால், "அது றோட்டு நாய் மனே, நான் சோறு மட்டும்தான் வைக்கிறன்" என்பார். போன மாரி முடிந்த கையோடு ஒருநாள் காலையில் பார்க்கிறேன், அந்த நாய் கழுத்திலிருந்து வால்வரை கறுப்பாக நிற்கிறது. உடம்பெல்லாம் பழைய என்ஜின் ஒயில். முதுகை வளைத்து வளைத்து அதை நக்கிக்கொண்டிருந்தது.

ஊற்றியவர் அந்த அம்மாதான். நாய்க்குச் சொறி. இரவெல்லாம் வாசலில் கிடந்து சொறிகிற சத்தம் கேட்டு மனம் பொறுக்காமல், கராஜில் ஒரு போத்தல் வாங்கி ஊற்றியிருக்கிறார். நாயை வெறுக்கிறவர் இதைச் செய்யமாட்டார். அவருக்கு இரக்கம் இருந்தது, கைக்கு எட்டியது அந்தப் போத்தல். இன்றைக்கு நான் பேச வந்தது அந்த அம்மாவைப் போன்றவர்களிடம்தான்.

நான் மிருக வைத்தியர் அல்ல. கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். என் காலம் பெரும்பாலும் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் மாடுகளோடுதான் போனது. மாட்டு வேலை முடிந்து தேநீர் குடிக்கிற நேரத்தில், "ஐயா, இந்த நாயையும் ஒருக்காப் பாருங்க" என்பார்கள். பார்த்தால் அநேகமாகத் தோல்தான். முடி கொட்டுகிறது, நாறுகிறது, புண். "இதுக்கு என்ன மருந்து பூசுறது?" என்பதுதான் அடுத்த கேள்வி. அந்தக் கேள்வி கொஞ்சம் அவசரமானது என்று எனக்குப் புரியவே பல வருடம் பிடித்தது. நாயின் தோலில் தெரிகிற நோய் பல நேரம் வேறு இடத்தில் தொடங்குகிறது. எங்கே படுக்கிறது, எதைத் தின்கிறது, நாம் எதைப் போட்டுக் கழுவுகிறோம் என்று பார்க்காமல் மேலே எதைப் பூசினாலும் அது திரும்ப வரும்.

முதலில் அந்தத் தோலைப் பற்றி. முடி இருப்பதால் நாய்த் தோல் தடிப்பு என்று நினைக்கிறோம். உண்மையில் அதன் மேல்தோல் மூன்று, நான்கு, மிஞ்சினால் ஐந்து அடுக்குக் கலங்கள்தான். நமக்குப் பத்துக்கு மேல். நம் தோல் கொஞ்சம் புளிப்புத் தன்மை உள்ளது, கார அமில எண் 5.5 அளவில் இருக்கும். நாய்க்கு அது 7ஐ ஒட்டி, புளிப்பு இல்லாத அளவில் இருக்கும். நம் தோலுக்கு ஏற்ற ஷாம்பு அதற்கு ஒத்துவராததற்கு இது ஒரு காரணம். உடம்பெல்லாம் வியர்த்துச் சூடு தணிக்கவும் அதற்கு முடியாது. வியர்ப்பது முக்கியமாக உள்ளங்காலில். சூடு பெரும்பாலும் நாக்கை நீட்டி இரைப்பதால்தான் தணிகிறது.

சரி, சொறிக்கு வருவோம். நாம் சொறி என்று ஒரே பெயரில் சொல்வது குறைந்தது இரண்டு நோய். இரண்டுக்கும் காரணம் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி. ஒன்று தோலைத் துளைத்து உள்ளே போகிறது. காது விளிம்பிலும் முழங்கையிலும் தொடங்கும், அரிப்புத் தாங்காது, பக்கத்து நாய்க்குத் தொற்றும், தூக்கி வைத்திருக்கிற பிள்ளையின் கையிலும் சிவப்புப் புள்ளிகள் வரும். மற்றது முடியின் வேருக்குள் இருப்பது. பிறந்த முதல் நாட்களில், பால் குடிக்கும்போது தாயிடமிருந்து குட்டிக்கு வந்துவிடும். பெரும்பாலான நாய்களில் அது பேசாமல் இருக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்தால்தான் கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் முடி கொட்டும். தொடக்கத்தில் அரிப்பு அவ்வளவு இராது, மனிதருக்கும் தொற்றாது.

என்ஜின் ஒயிலுக்குப் பெயர் வந்த கதையும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த இரண்டாவது வகை, குட்டிகளில் ஓரிரண்டு இடத்தில் மட்டும் வந்தால், குட்டி வளர வளரப் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். இடையில் யாராவது ஒயில் பூசியிருந்தால் பெயர் ஒயிலுக்குப் போய்விடும். "எங்கட நாய்க்குச் சுகமாகினது" என்று அடுத்த வீட்டுக்கும் சொல்வார்கள். பொய் சொல்வதில்லை, கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால் பழைய ஒயிலில் இயந்திரம் தேய்ந்த உலோகமும் எரிந்த எண்ணெயின் நஞ்சும் இருக்கிறது. நாய் நக்கும். நக்கினால் வயிற்றுக்கும் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். புண்ணான தோலை அது இன்னும் பொசுக்கும். மண்ணெண்ணெயும் அப்படித்தான். வயலுக்கு அடிக்கிற கிருமிநாசினியைத் தண்ணியில் கலந்து ஊற்றிய வீடும் பார்த்திருக்கிறேன். அந்த நாய் வாயால் நுரை தள்ளி, உடம்பு உதறிச் செத்தது. மாட்டுக்குப் போடுகிற ஐவமெக்டின் ஊசியை நாய்க்கு அளவு தெரியாமல் போடுகிறவர்களும் உண்டு. சில இன நாய்களுக்கு, கொலி இனத்தைப் போன்றவற்றுக்கு, அது மூளையைத் தாக்கும். அதை வைத்தியர் கையில் விட்டுவிடுங்கள்.

அடுத்தது தெள்ளு. கடற்கரைப் பக்கமான எழுவான்கரைக் காரருக்கு இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வளவெல்லாம் மணல். நாய் முதுகில் ஓடுகிற தெள்ளு ஒரு சிறு பங்குதான். முட்டை முடியில் ஒட்டாது, நாய் படுக்கிற இடத்தில் உதிரும். உதிர்ந்தது புழுவாகி, கூடு கட்டி, நிழலான ஈர மணலில் காத்துக் கிடக்கும். கூட்டுக்குள் மாதக்கணக்கில் இருக்கவும் அதற்கு முடியும். காலடி அதிர்வும் உடம்புச் சூடும் பட்டதும் வெளியே பாயும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே போனவுடன் காலில் கடிக்கிறதே, அது இதுதான். அதனால் நாயை மட்டும் கழுவிவிட்டு, மாமரத்தடியில் அது தோண்டிப் படுக்கிற குழியை விட்டுவிட்டால் ஒரு கிழமையில் பழையபடிதான். அந்தச் சருகைக் கூட்டி எரியுங்கள், மணலைக் கிளறி வெயில் படவிடுங்கள். நேர் வெயிலில் தெள்ளின் புழு தங்காது. படுக்கிற சாக்கைக் கொதிநீரில் போட்டு எடுங்கள்.

தெள்ளு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் இப்படிச் செய்து பாருங்கள். பேன் சீப்பால் வால் அடிப் பக்கம் வாரி, வருகிற கறுப்புத் தூளை நனைத்த வெள்ளைத் துணியில் தட்டுங்கள். மண் என்றால் மண்ணாகவே இருக்கும். தெள்ளின் எச்சமென்றால் கொஞ்ச நேரத்தில் அதைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் ஊறும். அது செரித்த இரத்தம். என் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதைக் காட்டினேன். அன்றிலிருந்து சீப்பை அவளே எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். சில நாய்களுக்குத் தெள்ளின் உமிழ்நீர் ஒவ்வாது. ஒன்றிரண்டு கடித்தாலே போதும், வால் அடியையும் பின்தொடையையும் கடித்துக் கடித்து முடியில்லாமல் ஆக்கிவிடும்.

உண்ணி வேறு மாதிரி. அது மேலே ஏறும். குடித்து முடித்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சீமெந்து வெடிப்பிலும் கிடுகு வேலியிலும் கதவு நிலையிலும் போய் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். நாய் கட்டியிருக்கிற சுவரை ரோர்ச் அடித்துப் பாருங்கள், வெடிப்புகளைப் பூசி அடையுங்கள். உடம்பில் பிடித்திருப்பதை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். நெருப்புக்குச்சியால் சுடுவதும் விரலால் நசுக்குவதும் வேண்டாம். எடுத்ததைச் சவர்க்காரத் தண்ணிக்குள் போடுங்கள். உண்ணி தோலோடு நிற்பதில்லை, உண்ணிக் காய்ச்சலைக் கொண்டுவரும். நாய் சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தால் உதட்டைத் தூக்கிப் பல் முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளிறியிருந்தால், சிறுநீரும் தேநீர் நிறத்தில் போனால், அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும்.

தெள்ளு, உண்ணி, சொறி மூன்றுக்கும் இப்போது வாயால் கொடுக்கிற மாத்திரை இருக்கிறது. நிறைக்கு ஏற்ற அளவில் மாதம் ஒன்று, சில வகை மூன்று மாதத்துக்கு ஒன்று. வலிப்பு வருகிற நாய் என்றால் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லுங்கள். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் பூசிப் பூசி மாளாத வீடுகளுக்கு அது பெரிய நிம்மதி. நாயைத் தொடுவதற்குச் சமய முறை இடங்கொடுக்காத வீடுகளிலும் வயலுக்கு, மாட்டுப் பட்டிக்குக் காவல் நாய் இருக்கிறது. அவர்கள் மாத்திரையைச் சோற்று உருண்டையில் வைத்துக் கொடுத்தால் போதும்.

குளிப்பாட்டுவதில் நானே ஒரு பிழை விட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டில் ஒரு செம்பட்டை நாய் வைத்திருந்தேன். சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று இரண்டு நாளைக்கு ஒருமுறை கிணற்றடியில் நிறுத்தி, கிருமி கொல்லும் சிவப்புச் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பேன். அது இன்னும் சொறிந்தது. சொறிகிறதே என்று இன்னும் தேய்த்தேன். முதுகு முழுக்க வெள்ளைச் செதிலாய் உதிர்ந்தது. ஒருநாள் மூத்த மிருக வைத்தியர் ஒருவர் வந்தார். நாயைத் தடவி, விரலை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதில எண்ணெயே இல்லையே தம்பி, எல்லாத்தையும் கழுவிப்போட்டீர்" என்றார். சவர்க்காரத்தை நிறுத்தியதுதான் வைத்தியம். ஒன்றரை மாதத்தில் முடி பளபளத்தது.

கட்டை முடி நாய்க்கு மூன்று, நான்கு கிழமைக்கு ஒரு குளிப்பு போதும். முடிந்தால் நாய்க்கென்று விற்கிற ஷாம்பு. மருந்து ஷாம்பு வைத்தியர் தந்திருந்தால் நுரை பத்து நிமிடமாவது உடம்பில் நிற்க வேண்டும். உடனே ஊற்றிக் கழுவினால் காசுதான் போகும். காலை பத்து மணிக்குள் குளிப்பாட்டுங்கள். விரலிடுக்கும் காது மடலின் அடியும் துவாயால் துடையுங்கள். மாரி காலத்தில் வெள்ளத்துக்குள் நடந்து வந்த நாய்க்கு அந்த விரலிடுக்கில்தான் பூஞ்சணம் பிடிக்கும். கடலில் குளிக்கிற நாயென்றால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணி ஊற்றுங்கள். உப்புக் காய்ந்தால் கடிக்கும். காதுக்குள் பஞ்சுக் குச்சி விடாதீர்கள், அழுக்கு இன்னும் உள்ளே போகும்.

இயற்கை மருந்து பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். எனக்கும் அதில் பிரியம் உண்டு, ஆனால் இயற்கை என்றால் தீங்கில்லை என்று ஆகிவிடாது. வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயில் பத்துக்கு ஒன்றாகக் கலந்து மெல்லப் பூசினால் பூச்சியை விரட்ட உதவும். பிடித்திருக்கிற உண்ணியை அது கொன்றுவிடும் என்று நம்பியிருக்க முடியாது. தனி வேப்பெண்ணெய் புண்ணில் எரியும். கற்பூரம் கரைத்த எண்ணெய் வேண்டாம், நக்கினால் வலிப்பு வரும். தேசிக்காய்ப் புளியைப் புண்ணில் தேய்க்க வேண்டாம். உண்ணிக்கு நல்லதென்று உள்ளி கொடுக்கிறார்கள். உள்ளியும் வெங்காயமும் நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். உண்ணிக் காய்ச்சலும் அதையேதான் செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் நாய் தாங்குமா?

அப்படியானால் மிஞ்சிய கறிச் சோறும் யோசிக்க வேண்டியதுதான். நாம் வைக்கிற ஆணத்தில் வெங்காயம், உள்ளி, உப்பு எல்லாம் இருக்கிறது. சமைக்கிறபோதே நாய்க்கென்று இரண்டு சூடை மீனையோ சாளையையோ உப்பில்லாமல் அவித்து, முள் எடுத்துச் சோற்றில் பிசைந்து வையுங்கள். முடிக்கும் தோலுக்கும் வேண்டிய நல்ல கொழுப்பு அந்த மலிவு மீனில் இருக்கிறது. கருவாடு வேண்டாம்.

கச்சான் என்ற சூடான காற்று தொடங்கினால் சடை நாய் வைத்திருக்கிறவர்கள் மொட்டையடிக்கப் பார்க்கிறார்கள். பொமரேனியன் போன்றவற்றுக்கு இரண்டு அடுக்கு முடி. அது வெயிலையும் தடுக்கிறது. வழித்துவிட்டால் தோல் சுடும், சிலவற்றுக்குப் பழையபடி முளைக்காமலே போகும். அடி முடியை நாள்தோறும் வாரி எடுத்தால் போதும், காற்றுப் போகும். வெறும் சீமெந்தில் படுத்து முழங்கை காய்த்த நாய்க்கு ஒரு சாக்கை மடித்துப் போடுங்கள்.

இன்று பின்னேரம் ஒரு ஐந்து நிமிடம் வாசற்படியில் இருந்து, தலையிலிருந்து வால்வரை முடிக்கு எதிராக விரலை ஓட்டுங்கள். காதைத் திருப்பி மணந்து பாருங்கள், புளித்த வாசம் வந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. கழுத்துப் பட்டிக்கு அடியில், அக்குளில், விரல்களுக்கிடையில் பாருங்கள். வட்டமாக முடி கொட்டியிருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். பிள்ளைகளை விலக்கி வைத்து, உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் காட்டுங்கள்.

அந்த ஒழுங்கை நாய்க்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். நானும் அந்த அம்மாவும் அதன் வாயைத் துணியால் மெல்லக் கட்டி, முதலில் தேங்காயெண்ணெய் தேய்த்து ஒயிலை இளக்கினோம். பிறகு பாத்திரம் கழுவுகிற திரவமும் இளஞ்சூட்டுத் தண்ணியும் போட்டு நான்கு தரம் கழுவினோம். வாளித் தண்ணி கடைசிவரை கறுப்பாகவே போனது. மறுநாள் வைத்தியர் தோலைச் சுரண்டிப் பார்த்து மாத்திரை கொடுத்தார். இப்போது முதுகில் நாற்றுப் போலப் புது முடி வந்திருக்கிறது. அம்மா கையில் போத்தலைக் கண்டால் மட்டும், அது தண்ணிப் போத்தலாக இருந்தாலும், எழும்பி மதிலோரம் போய்விடுகிறது. அவரும் இப்போது போத்தலைப் பின்னால் மறைத்துக்கொண்டுதான் சோறு வைக்கிறார்.

நன்றி, வணக்கம்.